டவுன் என்றால் எந்த ஊர்?

ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கும் யாரும் ‘டவுனுக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சிக்பேட்டையில் பட்டுச்சேலை எடுக்கவோ மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்கவோ கிளம்பினால் ‘சிட்டிக்குப் போறேன்’ என்பார்கள். பழைய ஆட்களுக்கு அங்கிருக்கும் ரயில் நிலையம் இன்றைக்கும் சிட்டி ஸ்டேஷன்தான், பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும். எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் டவுன்: பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன், பென்சன் டவுன், கிளீவ்லேண்ட் டவுன், குயவர்கள் குடியிருக்கும் பாட்டரி டவுன். இதில் எதுவும் டவுன் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பூங்கா, அதைச் சுற்றிச் சில தெருக்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பேக்கரி. நடந்தால் கால்மணி நேரத்தில் அடுத்த டவுன் வந்துவிடும்.

இந்தச் சொல்லோடு நான் மல்லுக்கு நின்றது ஒரு துண்டறிக்கையால். எங்கள் தெருக்காரர்கள் சிலர், ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றி மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் அச்சிட நினைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியாகிவிட்டது. தமிழ் என் தலையில் விழுந்தது. கன்னடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். பயிற்சியாக இருக்கட்டும் என்று அவளும் அந்தத் தாளை எடுத்துப் போயிருந்தாள். ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

‘அங்கிள், பதினொரு இடத்துல டவுன் வருது. எல்லாத்துக்கும் புவெப்லோன்னு போட்டேன். எங்க மிஸ் பாதிக்கு மேல அடிச்சுட்டாங்க.’

‘வேற என்ன போடணுமாம்?’

‘ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணு சொல்றாங்க. அதுக்கு ஏன் ஒரே வார்த்தைய எழுதுனாங்களாம்?’

என் தாளைக் காட்டினேன். நான் பதினொரு இடத்திலும் ‘நகரம்’ என்று எழுதி, ஏழு இடத்தில் அடித்திருந்தேன்.

டவுன் அந்தத் தாளில் பார்த்த வேலைகளைச் சொன்னால் அவள் எரிச்சல் புரியும். தலைப்பில் அது இடப்பெயரின் வால். முதல் பத்தியில், பிளேக் நோய்க்குப் பிறகு புதிதாக அமைந்த குடியிருப்பு. இரண்டாவது பத்தியில் குதிரைவண்டி பூட்டிக்கொண்டு போகும் கடைத்தெருப் பக்கம். அடுத்த வரியில், கிறிஸ்துமஸ் இரவில் திரண்டு வந்த ஜனங்கள். கீழே, வீட்டுக்காரர் வெளியூர் போயிருப்பதைச் சொல்ல ‘அவுட் ஆஃப் டவுன்’. இன்னோரிடத்தில் டவுன் பிளானிங். கடைசியில், இங்கே பிறந்து ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போய்விட்ட ஆங்கிலோ இந்தியர்கள் திரும்பி வந்து தேடிப் பார்க்கும் ‘ஹோம் டவுன்’. எழுதியவருக்கு இவையெல்லாம் ஒரே சொல். எழுதும்போது அவர் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார்.

பல பொருள் ஒரு சொல் என்று இதைத்தான் சொல்கிறோம். ஆனால் யாருக்குப் பல? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரிடம் கேட்டால், டவுன் என்றால் டவுன்தான் என்பார். நாம் பக்கத்தில் நின்று நம் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது பலவாகப் பிரிகிறது. ஸ்பானியர் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரிப் பிரிகிறது. பிரிகிற இடங்கள் எங்கே ஒன்றுபோல் இருக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் சொல்லின் வேர். பழைய ஆங்கிலத்தில் ‘தூன்’ என்றால் வேலி, வேலியடைத்த இடம். அதன் உறவுச் சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் வேலியாகவே நிற்கிறது. டச்சு மொழியில் தோட்டமாகிவிட்டது. ஆங்கிலத்தில் வேலிக்குள் வீடு வந்து, வீடு பலவாகி, டவுன் ஆயிற்று. தமிழ் வாசகர் இதற்கு வியக்க வேண்டியதில்லை. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று அடைப்புக்குச் சொல்லும் ‘பட்டி’தான் ஆண்டிபட்டியிலும் உசிலம்பட்டியிலும் ஊராக நிற்கிறது. வேரை வைத்துப் பார்த்தால் டவுனுக்குச் சரியான தமிழ் பட்டி. ஆனால் ரிச்சர்ட்ஸ் பட்டி என்று எழுதினால் தெருக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். வேர் ஆராய்ச்சி சுவையானது. மொழிபெயர்க்கிறவனுக்கு அதனால் பத்துப் பைசா பயனில்லை.

அகராதி கொஞ்சம் உதவும். ஸ்பானிய மொழியில் டவுனுக்கு எதிரே நிற்கக்கூடிய சொற்கள் நாலைந்து: சியுதாத், வில்லா, புவெப்லோ, அல்தேயா, கடைத்தெருப் பக்கம் போகிறேன் என்பதற்கு சென்த்ரோ, அதாவது நடுப்பகுதி. சியுதாத் பெரிய நகரம். அல்தேயா நாலு வீட்டுக் குக்கிராமம். இந்த இரண்டிலும் சிக்கலில்லை.

வில்லா கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய சொல். பெங்களூரில் வில்லா என்றால் வாயிற்காவலர் காக்கும் வளாகத்துக்குள் கோடிக்கணக்கில் விலைபோகும் தனி வீடு. ஸ்பெயினில் அது அரசரிடம் சாசனம் பெற்ற ஊருக்கான தகுதிப் பெயர். 30 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மத்ரித் பழைய வழக்கப்படி இன்றும் வில்லாதான். லத்தீனில் அது பண்ணை மாளிகை. மாளிகையிலிருந்து ஊருக்குப் பெயர் தாவியது. இப்போது நம் ‘நகர்’ என்ற சொல்லைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் நகர் என்பது ஊரை மட்டும் குறிக்காது. மாளிகையையும் வீட்டையும் கோயிலையும் குறிக்கும். பிறகு அது பெருநகரமாக வளர்ந்தது. இன்றைக்கு மனைவிற்பனை விளம்பரங்களில் மூன்று தெரு, நாற்பது மனை, ஒரு வளைவு வைத்தால் அதுவும் நகர். மாளிகையில் தொடங்கி, மாநகர்வரை போய், மறுபடியும் வீட்டுமனைக்கு வந்து சேர்ந்த சொல் அது. இரண்டாயிரம் வருஷ இடைவெளியில், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் வீட்டையும் ஊரையும் ஒரே சொல்லில் வைத்திருந்திருக்கின்றன. ஆங்கிலத்தின் இன்றைய டவுனில் இந்த மாளிகை வாசனை கிடையாது.

உண்மையான சரக்கு புவெப்லோவில் இருக்கிறது. ஸ்பானிய அகாடமியின் அகராதி அதற்கு ஐந்து பொருள் சொல்கிறது: நகரம் அல்லது வில்லா, அதற்குக் கீழ்ப்படியான குடியிருப்பு, ஓர் இடத்தின் அல்லது நாட்டின் மக்கள், எளிய ஜனங்கள், சுதந்திரமான அரசுள்ள நாடு. இடமும் ஆளும் ஒரே சொல். லத்தீன் ‘பாபுலுஸ்’ என்ற மக்கள்தான் இதன் வேர். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்களை ஸ்பானிய மொழியில் சொன்னால் அதில் புவெப்லோ வரும். கலிபோர்னியாவில் 1781ல் ஸ்பானியர் நிறுவிய லாஸ் ஏஞ்சலீஸும் தொடக்கத்தில் ஒரு புவெப்லோ.

இந்தப் பட்டியலை அந்தப் பெண் வாசித்துக்கொண்டே வந்தபோது எனக்கு ‘ஊர்’ என்றுதான் காதில் விழுந்தது. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. ஊர் சிரிக்கிறது. ஊர் வாயை மூட முடியாது. ஊரை விட்டு ஒதுக்குகிறது. இங்கெல்லாம் ஊர் என்பது நிலமா, ஆளா? சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்பது நிலக்கிழார்கள் கூடிய சபைக்கும் பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும்போது ‘ஊரோம்’ என்று எழுதுவார்கள். ஊராகிய நாங்கள். ‘நகரம்’ என்பது வணிகர் சபை, அவர்கள் ‘நகரத்தோம்’. ஊரோம் என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஒரு வாக்கியம் வேண்டும். ஸ்பானியருக்கு ‘நோசோத்ரோஸ், எல் புவெப்லோ’ என்றால் வேலை முடிந்தது.

இன்னொன்று. மத்ரித்தில் இருக்கிறவர் ஆகஸ்டு விடுமுறையில் ‘மே வோய் அல் புவெப்லோ’ என்பார். அகராதிப்படி அவர் சிற்றூருக்குப் போகிறார். உண்மையில் அவர் ஊருக்குப் போகிறார். அப்பாவோ தாத்தாவோ வேலை தேடி நகரத்துக்கு வருமுன் இருந்த இடம், பூட்டிய வீட்டைத் திறந்து தூசி தட்டி இரண்டு வாரம் இருந்துவிட்டு வரும் இடம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெங்களூரில் ஓசூர் சாலை முழுக்க நெரிசலில் நிற்கிற பஸ்களில் இருப்பவர்கள் எல்லோரும் புவெப்லோவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ‘ஊருக்குப் போறீங்களா?’ என்ற கேள்வியில் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லையே, அதே மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹோம்’ என்று தனியாக ஒரு முன்னொட்டு போட்டால்தான் டவுன் இந்தப் பொருளுக்கு வரும்.

லத்தீன் அமெரிக்கக் கதைகள் தமிழுக்கு வந்த பாதையை இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 1962ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு கதை இருக்கிறது. ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் பந்துகள் திருட்டுப்போகின்றன. பழி வெளியூர்க்காரன் ஒருவன் தலையில் விழுகிறது. கதையின் தலைப்பில் இருக்கும் சொல் புவெப்லோ. ஆங்கிலத்தில் அது டவுன் ஆயிற்று. அதை வைத்துத் தமிழில் எழுதினால் கை தானாக ‘இந்த நகரத்தில் திருடர்கள் இல்லை’ என்றுதான் எழுதும். காவல்துறை ஆணையர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வது போலிருக்கிறது. இப்போது ‘இந்த ஊர்ல திருடனே கிடையாது’ என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சு வந்துவிட்டது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது வந்துவிட்டது, திருடன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான் என்ற குரூரமும் வந்துவிட்டது. கதையே அந்தக் குரூரத்தில்தான் நிற்கிறது. மூல மொழி தெரியாதவனின் கைக்கு அருகில் மூலத்துக்கு நெருக்கமான சொல் கிடக்கிறது. நடுவில் நிற்கும் ஆங்கிலம் அதை மறைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆங்கில வழியாக ஸ்பானியக் கதை பெயர்க்கிறவர்கள் டவுனைக் கண்டால் நகரம் என்று எழுதுமுன் ஒருமுறை பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்பேன்.

அதற்காக ஊரும் புவெப்லோவும் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லமாட்டேன். புவெப்லோவிலிருந்து ஸ்பானியர் செய்த வசைச்சொல் ‘புவெப்லெரீனோ’: பட்டிக்காட்டான். ஊரிலிருந்து நாம் வசை செய்யவில்லை, பட்டியிலிருந்துதான் செய்தோம். நாகரிகமில்லாதவனைத் திட்ட ஸ்பானியர் எடுக்கும் சொல்லை, ஆங்கிலத்தில் நாகரிகம் தெரிந்த இடம் என்று பொருள்படும் டவுனுக்கு நேரே வைத்தால் விபரீதம்தான். எதிர்வீட்டுப் பெண்ணின் ஆசிரியை அடித்தவற்றில் முதலாவது இது. குதிரைவண்டி பூட்டி, நல்ல உடுப்பு உடுத்தி, டவுனுக்குப் போகும் துரைசானி புவெப்லோவுக்குப் போனாள் என்று எழுதினால் அவள் கிராமத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே சென்த்ரோ வேண்டும். தமிழில் ‘கடைத்தெருவுக்கு’.

அல்லது ‘டவுனுக்கு’ என்றே விடலாமா? இது கேட்பதற்குச் சுலபமான வழி. நாம் கடன்வாங்கிய டவுன் ஆங்கிலத்தின் டவுன் இல்லை என்பதுதான் தொல்லை. பேச்சுத் தமிழில் இடங்களுக்கு இரண்டு முனைதான் இருந்தது: பட்டிக்காடு, பட்டணம். 1972ல் வந்த சிவாஜி படத்தின் பெயரே அந்த இரண்டையும் வைத்துக் கேள்வி கேட்டது. நடுவில் ஒரு படி தேவைப்பட்டபோது, தாலுக்கா ஆபீசும் பஸ் நிலையமும் இரண்டு சினிமாக் கொட்டகையும் உள்ள இடத்துக்கு, டவுன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். எடுத்தபோது அதன் மற்றக் கைகால்களை வெட்டிவிட்டோம். ‘டவுன் கூடித் தேர் இழுத்தது’ என்று தமிழில் சொல்ல முடியாது. ‘அவர் டவுன்ல இல்லை’ என்றால் அவர் கிராமத்தில் இருக்கிறார் என்று அர்த்தமாகும். ஊர்ல இல்லை என்றால்தான் அவுட் ஆஃப் டவுன். ரயில்வேக்காரர்கள் இன்னொரு பொருளும் சேர்த்தார்கள்: திருச்சி டவுன், சேலம் டவுன் என்றால் ஜங்ஷன் அல்லாத, பழைய ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன். திருநெல்வேலியில் டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி மட்டும். ஜங்ஷன்காரரும் பாளையங்கோட்டைக்காரரும் டவுன்காரர்கள் இல்லை.

அரசாங்கம் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறது? தீர்க்கவில்லை, ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டது. தமிழ்நாட்டில் டவுன் பஞ்சாயத்து பேரூராட்சி. டவுன் பஸ் நகரப் பேருந்து. டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் என்பது நகர் ஊரமைப்பு. ஒரே ஆங்கிலச் சொல் ஒரே மாநிலத்தின் பலகைகளில் பேரூர் ஆகவும் நகரம் ஆகவும் நகர் ஆகவும் தொங்குகிறது. இலங்கையில் 1981 வரை இருந்த டவுன் கவுன்சிலுக்குப் பட்டின சபை என்று பெயர். அதற்கு மேல்படி நகர சபை, அதற்கு மேல் மாநகர சபை. பழைய உரைகாரர்கள் திணைவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும்போது குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூர், மூதூர், நெய்தலுக்குப் பட்டினம், பாக்கம் என்பார்கள். டவுனுக்குத் தமிழ்நாட்டு அதிகாரி மருதத்துச் சொல்லை எடுத்தார், இலங்கை அதிகாரி நெய்தல் சொல்லை எடுத்தார். அவர்கள் திணை பார்த்து எடுத்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அந்தத் தீவுக்குப் பட்டினம் பொருந்தித்தான் இருக்கிறது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயமல்லாத வேலை. மூன்றும் இருந்தால், நகராட்சி எதுவும் இல்லாவிட்டாலும் அது கணக்கெடுப்பில் டவுன். எண்ணால் அளந்த சொல்லை மொழிபெயர்ப்பது லேசு. ஏதாவது ஒரு சொல்லை வைத்து, இதற்கு இதுதான் என்று விதி எழுதிவிட்டால் போதும். அலுவலக மொழிபெயர்ப்பு நம்மைவிட நிம்மதியாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வருவோம். 1809ல் மதராஸ் படை இங்கே பாளையம் இறங்கியது. கெம்பேகௌடர் 1537ல் எழுப்பிய பேட்டை ஒரு பக்கம், கண்டோன்மெண்ட் மறுபக்கம். படைக்குத் துணிதைக்கவும் ரொட்டி சுடவும் குதிரை கழுவவும் வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1881ல் மைசூர் அரசை மன்னரிடம் திருப்பிக் கொடுத்தபோதும் கண்டோன்மெண்டை வெள்ளைக்காரர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1947 ஜூலையில்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1898ல் பிளேக் வந்து நெரிசலான தெருக்களைக் காலிசெய்ததும், காற்றோட்டமாக, நேர்கோட்டுத் தெருக்களோடு புதுக் குடியிருப்புகள் போட ஆரம்பித்தார்கள். அவற்றுக்கு அதிகாரிகள் பெயர் வைத்து, டவுன் என்று வால் ஒட்டினார்கள். அதுவரை இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளின் வால் பேட்டை, பாளையம், ஹள்ளி. இன்று மர்பி டவுன் என்று சொல்லும் இடத்துக்கு முன்பு நாக்ஸ்பேட்டை என்று பெயர். ஒரு துரை போய் இன்னொரு துரை வந்தார். பேட்டை போய் டவுன் வந்தது. அந்தக் கால அதிகாரிக்குப் பேட்டையும் டவுனும் ஒரே எடைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கண்டோன்மெண்டுக்குக் கன்னடத்தில் தண்டு. ரயில் நிலையப் பலகையிலும் ‘பெங்களூரு தண்டு’ என்றுதான் இருக்கும். தமிழிலும் தண்டு என்றால் படை, தண்டநாயகன் படைத்தலைவன். ஆனால் இன்றைய தமிழ்க் காதுக்குப் பெங்களூர்த் தண்டு என்றால் கீரையும் வாழையும்தான் ஞாபகம் வரும். ஊரிலிருந்து முதல்முறை வந்த என் மாமா அந்தப் பலகையைக் காட்டி யாரோ விளக்கியதைக் கேட்டு, ‘இங்க வாழைத்தோப்பு இருந்துச்சா?’ என்றார். ஒரு சொல்லின் பல பொருள்களில் எது உயிரோடிருக்கிறது, எது புத்தகத்தில் மட்டும் இருக்கிறது என்பதை அகராதி ஒரே அளவு எழுத்தில் அச்சடித்துவிடுகிறது.

பெயரின் வாலை மொழிபெயர்க்கலாமா என்பது தனி வழக்கு. பிரேசர் டவுனைப் புலிகேசி நகர் ஆக்கினார்கள். டவுனுக்கு நகர் சரிதான், ஆனால் பிரேசருக்குச் சாளுக்கிய அரசன் எப்படிப் பெயர்ப்பு ஆவான்? அது பெயர்ப்பு அல்ல, ஆளை மாற்றுவது. சென்னையில் கறுப்பர் நகரம் என்று அர்த்தப்படும் பெயர் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி ஜார்ஜ் டவுன் ஆனபோதும் டவுன் மட்டும் தப்பித்தது. ஸ்பானியர் கேப் டவுனைத் தங்கள் மொழியில் பெயர்த்து ‘சியுதாத் தெல் காபோ’, முனையின் நகரம், என்று சொல்வார்கள். கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனை அப்படியே விட்டுவிடுவார்கள். விதி ஒன்றும் இல்லை, பழக்கம்தான். நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனைத் தொடாமல் விட்டோம். அதில் சண்டை வரவில்லை.

தமிழும் ஸ்பானியமும் நேருக்கு நேர் மோதிய பழைய கதை ஒன்று எங்கள் பக்கத்துக் கிளீவ்லேண்ட் டவுன் பேராலயத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். அது புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரிலிருக்கும் பேராலயம். நவார் நாட்டில் பிறந்த சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மொழி தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கினார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று போயிருந்ததைக் கண்டுபிடித்து, இனி அப்படிச் சொல்லாதீர்கள் என்று 1544ல் தன் தோழர் மான்சில்லாசுக்குக் கடிதம் எழுதினார். வேணும் என்றால் விரும்புகிறேன், நமக்கு வேண்டியது நம்புகிறேன் என்பது அவர் விளக்கம். ஸ்பானியத்தில் சொன்னால் ‘கியேரோ’, ‘கிரேயோ’. எல்லோரும் இதை மொழி தெரியாத பாதிரியாரின் தடுமாற்றம் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றத்தின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. கியேரோ என்பது வேண்டும் என்பது மட்டுமில்லை. ‘தே கியேரோ’ என்றால் உன்மேல் பிரியம். அதிலிருந்து வரும் ‘கெரீதோ’ பிரியமானவர். நம் வேண்டுதலும் அப்படித்தானே. வேண்டியவர், வேண்டப்பட்டவர் என்றால் நெருக்கமானவர். வேண்டுதல் என்றால் பிரார்த்தனை. கடவுளை நோக்கி ‘எனக்கு வேணும்’ என்று அந்தப் பரதவர் சொன்னபோது வெறும் பண்டம் கேட்கிற குரலாக மட்டும் இருந்திருக்காது. இரண்டு மொழியிலும் ஆசையும் அன்பும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆங்கிலத்தின் வழியாகப் பார்க்கிறவருக்குத் தெரிய வழியில்லை. விசுவாசம் என்ற சொல்தான் சரி என்பதில் மறுப்பில்லை.

சவேரியாருக்குப் பின்னால் வந்தவர்கள் வேதாகமத்தையே பெயர்த்தார்கள். இயேசு பிறக்குமுன் நடந்த குடிமதிப்புக்கு எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள் என்று லூக்கா எழுதும் இடத்தில் கிரேக்க மூலச் சொல் ‘போலிஸ்’. பழைய ஆங்கிலப் பெயர்ப்பு அதைச் சிட்டி என்றது. பிற்காலத்தியவை டவுன் என்றன. பழைய ஸ்பானியப் பெயர்ப்பில் சியுதாத், புதியதொன்றில் புவெப்லோ. தமிழில், இந்தப் பக்கத்துச் சீர்திருத்த சபைகளில் தலைமுறைகளாக வாசித்துவரும் பெயர்ப்பில், ‘ஊர்’. பெத்லகேம் தாவீதின் ஊர். ஆங்கிலமும் ஸ்பானியமும் படி இறங்கிவந்து சேர்ந்த இடத்தில் தமிழ் முதலிலேயே உட்கார்ந்திருந்தது. யோசேப்பு ஊருக்குப் போனார் என்றதும் தமிழ்ச் சபையில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவர்களில் பலர் ஆற்காட்டிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பிலும் எங்கள் தாளைப் போட்டுப் பார்த்தேன். இடத்துக்குத் தகுந்தமாதிரிச் சில இடங்களில் மாற்றிக் கொடுக்கிறது, பாராட்டலாம். அவுட் ஆஃப் டவுனை ‘ஊரில் இல்லை’ என்றே கொடுத்தது. ஜனங்கள் திரண்டு வந்த வரியில் மட்டும் ‘முழு நகரமும் வந்தது’ என்று கட்டடங்களை நடக்கவைத்துவிட்டது. நானும் முதலில் அதைத்தான் எழுதியிருந்தேன் என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியில் எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. அவளுடைய தாளில் தலைப்பு தவிர்த்த பத்து இடங்களில் நாலு புவெப்லோ, இரண்டு சென்த்ரோ, ஒரு சியுதாத். நகரமைப்புக்கு அவர்களுடைய ‘உர்பனிஸ்மோ’. வெளியூர் போனவருக்குப் பயணத்தில் இருக்கிறார் என்று டவுனே இல்லாத வாக்கியம். பிளேக்குக்குப் பிந்தைய குடியிருப்புக்கு ‘பார்ரியோ’ என்ற பேட்டைச் சொல். என்னுடையதில் நகரம் என்ற சொல் நகரமைப்பில் மட்டும் மிஞ்சியது. அவள் புவெப்லோ வைத்திருந்த நாலு இடத்திலும் என்னிடம் ஊர் இருந்தது. நாங்கள் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை.

ஹோம் டவுன் வரியில்தான் அவள் தயங்கினாள். ‘புவெப்லோ நதால்னா பொறந்த ஊர். இவங்க பொறந்தது பெங்களூர்லதான? பெங்களூர் எப்படி அங்கிள் புவெப்லோ ஆகும்?’

‘உனக்குச் சொந்த ஊர் எது?’

‘ஆரணின்னுதான் ஃபார்ம்ல எழுதுவோம். நான் பார்த்ததே இல்ல.’ அவள் குடும்பம் இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. பள்ளியில் கன்னட வாத்தியார் ‘நிம்ம ஊரு யாவுது?’ என்று கேட்டபோதும் ஆரணி என்றுதான் சொன்னாளாம். அவர், ‘இங்கேயே பிறந்துட்டு என்ன ஆரணி?’ என்றாராம்.

துண்டறிக்கையின் தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: டவுனுக்குள் ஒரு டவுன் என்கிற மாதிரி. அவள் ‘உன் புவெப்லோ தென்த்ரோ தெ லா சியுதாத்’ என்று எழுதினாள், நகருக்குள் ஒரு புவெப்லோ. நான் ‘ஊருக்குள் ஓர் ஊர்’ என்று எழுதினேன். கன்னடத்துக்கு அதற்குள் ஆள் கிடைத்திருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஆங்கிலத் தாளை அவரிடம் நீட்டினோம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் தாளை வாங்கி, அந்த வரியைப் பார்த்து, அப்படியே கன்னட எழுத்தில் எழுதினார்: ‘ஊரொளகொந்து ஊரு.’ அடுத்த வரிக்குப் போய்விட்டார்.